எதிர் வாகனம் இல்லாத கார் விபத்தில் மனைவிக்குத் தொடை எலும்பு முறிவு: இழப்பீடு கோர வழி உண்டா?

வைகறைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரியில் சென்னையில் ஒரு திருமண வரவேற்பை முடித்துக்கொண்டு, நள்ளிரவு பன்னிரண்டரை மணியளவில் என் அண்ணனின் காரில் திருச்சிக்குப் புறப்பட்டோம். காரை நான் ஓட்டினேன். முன் இருக்கையில் என் மனைவியும் பின் இருக்கையில் என் அம்மாவும் இருந்தார்கள். அண்ணன் உடன் வரவில்லை. செங்குறிச்சி சுங்கச்சாவடியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வந்த பிறகு, ஏறத்தாழ நான்கு மணிக்கு, மாடு ஒன்று குறுக்கே வந்ததால் நான் வண்டியை வலப்பக்கம் ஒடித்தேன். கார் சென்டர் மீடியனில் ஏறி, அங்கிருந்த அரளிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டு ஒருக்களித்துக் கவிழ்ந்தது. வேறு எந்த வாகனமும் எங்கள் மீது மோதவில்லை.

என் மனைவிக்கு 31 வயது. வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே துணி தைத்து மாதம் சுமார் 12,000 ரூபாய் சம்பாதித்து வந்தவர், நான்கு மாதமாகத் தையல் இயந்திரத்தின் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை. எனக்கு இடது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டுக் கூடிவிட்டது, அம்மாவுக்குச் சிராய்ப்புகள்தான். முதலில் 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் செலவை நகைக்கடன் வாங்கித்தான் கட்டினேன்.

காருக்கு உரிய தொகையைக் காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் என்று கணக்கிட்டு அண்ணனுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்கு ஏற்பட்ட காயத்தைப் பற்றிக் கேட்டபோது, எதிர் வாகனம் இல்லாத விபத்துக்கு எதுவும் கிடையாது என்று அங்கிருந்த அலுவலர் வாய்மொழியாகச் சொன்னார். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். பதிந்தால் வழக்கு என் மீதுதான் வரும் என்று எச்சரித்தார்கள். மருத்துவமனைக்குத் தேடி வந்த ஒரு தரகர், அடையாளம் தெரியாத லாரி இடித்ததாக எழுதிக்கொடுத்தால் எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார், நான் போடவில்லை. இதற்கிடையில், சட்டப்படி வழி இருந்தாலும் மூத்தார் பெயரை எதிர்மனுதாரராகப் போட்டு வழக்கு நடத்துவதா என்று என் மனைவி தயங்குகிறார். எங்கள் மூவரில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற க்ளைம் அதிகாரி:

வணக்கம் தம்பி. முதலில் உங்கள் மனைவி நல்லபடியாக எழுந்து நடக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாமல் விட்டீர்களே, இந்த நான்கு மாதத்தில் நீங்கள் செய்தவற்றில் மிகச் சரியான காரியம் அதுதான்.

எதிர் வாகனம் இல்லை என்றால் எதுவும் கிடையாது என்று அந்த அலுவலர் சொன்னது உங்களுக்குப் பொருந்தலாம். உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. தனி வாகன விபத்தில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை, அவருக்குப் பட்ட காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் அந்த வண்டியில் யாராக உட்கார்ந்திருந்தார் என்பதும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே அண்ணனிடமிருந்து பாலிசியை முழுதாக வாங்குங்கள். கைப்பேசியில் வரும் ஒரு பக்கச் சான்றிதழ் போதாது, நிபந்தனைகள் அச்சிட்ட பக்கங்களும் வேண்டும். தனியார் காருக்கான, வண்டிச் சேதத்தையும் பிறருக்கான பொறுப்பையும் சேர்த்தே காக்கும் பேக்கேஜ் பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பைச் சொல்லும் இரண்டாம் பிரிவில், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஏற்றிச் செல்லப்படாத பயணிகளையும் உள்ளடக்கிய எவருடைய மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்கும் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். உங்கள் மனைவியின் உரிமை முழுவதும் அந்த ஒரு வாசகத்தில் நிற்கிறது. லயபிலிட்டி ஒன்லி என்று நாங்கள் சொல்லும், சட்டம் கட்டாயப்படுத்திய அளவுக்கு மட்டுமான பாலிசியில் அந்த வாசகம் இராது. தனியார் காரில் இலவசமாகப் பயணம் செய்தவருக்கு அதன் கீழ் கேட்பது மிகவும் கடினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒன்றாக விற்கிறார்கள். 2019 செப்டம்பர் முதல் வண்டிச் சேதத்துக்கு மட்டுமான பாலிசியைத் தனியாக வேறொரு நிறுவனத்தில் எடுத்துக்கொள்ளவும் முடியும். அதனால் காருக்குப் பணம் கொடுத்த நிறுவனமும் மனிதக் காயத்துக்குப் பொறுப்பேற்ற நிறுவனமும் வெவ்வேறாக இருக்க வாய்ப்புண்டு. தவறான நிறுவனத்தில் போய்க் கேட்டுவிட்டு, கிடையாது என்ற பதிலோடு திரும்பிய குடும்பங்களை நான் பணியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன்.

உரிமையாளர் ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது உதவாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அது பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ள உரிமையாளருக்கு, அதாவது உங்கள் அண்ணனுக்கு உரியது. அவரோ அன்று வண்டியில் இல்லை. அவரே ஓட்டியிருந்தாலும், மரணம், கை கால் அல்லது கண் பார்வை இழப்பு, நிரந்தரமான முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான் அதில் பணம் உண்டு. எலும்பு முறிந்து கூடிவிட்டால் ஒரு ரூபாய்கூட வராது. பிரீமியம் கட்டும் வேளையில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான கூடுதல் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று பிரீமியம் பட்டியலில் பாருங்கள். ஆனால் அதுவும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

விபத்து எப்படி நடந்தது என்று அண்ணன் க்ளைம் படிவத்தில் எழுதியதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒன்று, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று என்று இருந்தால் எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கு அதுவே போதும்.

எம்.சி.ஓ.பி. வழக்குரைஞர்:

க்ளைம் அதிகாரி ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களை நடத்தும் வழக்குரைஞர் என்ற முறையில், சட்டப் பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

தாங்கள் அண்ணனிடமிருந்து காரை இரவல் வாங்கி ஓட்டியவர். அப்படி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் நிங்கம்மா வழக்கிலும், 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் கூறியிருக்கிறது. தமது வாகனத்தால் தமக்கே நேர்ந்த காயத்துக்கு, அதே வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒருவர் கேட்க இயலாது. தாங்கள் சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநராக இருந்திருந்தால் நிலைமை வேறு. ஆகவே தங்கள் மணிக்கட்டுக்குத் தங்களுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடோ விபத்துக் காப்பீடோ இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் வழி.

தங்கள் மனைவியும் தாயாரும் பயணிகள். பேக்கேஜ் பாலிசி தனியார் காரின் பயணிகளையும் காக்கும் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரிலேயே சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்தியது. உச்ச நீதிமன்றமும் 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அதை ஏற்றது. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின் கீழ் மனைவி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். விபத்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நடந்திருந்தாலும், மனுதாரர் வசிக்கும் ஊர் என்ற அடிப்படையில் திருச்சித் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்ய முடியும். அண்ணன் முதல் எதிர்மனுதாரராகவும் நிறுவனம் இரண்டாம் எதிர்மனுதாரராகவும் வருவார்கள். உரிமையாளர் மீது பொறுப்பு ஏற்பட்டால்தான் அவருக்காகப் பணம் கட்டும் கடமை நிறுவனத்துக்கு ஏற்படுகிறது என்பதால் அவர் பெயர் அதில் இருந்தே தீர வேண்டும். ஓட்டியவருக்குச் செல்லத்தக்க உரிமம் இருந்து, மது அருந்தாமல் ஓட்டியிருந்து, பாலிசி நிபந்தனை எதுவும் மீறப்படாமல் இருந்தால் அண்ணன் கையிலிருந்து எதுவும் போகாது. தங்கள் மனைவியிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இது குடும்பச் சண்டை அன்று, அண்ணன் பிரீமியம் கட்டியது இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

இனி அவசரமான செய்தி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றிருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பித் தாங்கள் காத்திருக்கக் கூடாது. தங்களுக்கு மீதமிருப்பது இரண்டு மாதத்துக்கும் குறைவான காலம்.

யாருடைய தவறு என்று பாராமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் வழங்கும் 164ஆம் பிரிவும் இருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆனால் அந்தத் தொகையை உரிய நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டால், தீர்ப்பாயத்தில் உள்ள 166ஆம் பிரிவு மனு அற்றுப்போகும். தையல் தொழிலையே நம்பியிருப்பவர் தொடை முறிவுக்கு அந்தத் தொகையோடு முடித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று மெய்ப்பித்தால், நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோருக்கு 2017இல் பிரணாய் சேத்தி வழக்கு வகுத்த 40 சதவீத எதிர்கால உயர்வைச் சேர்க்கும்போது 16,800 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 2,01,600 ரூபாய். 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு 2009இல் சரளா வர்மா வழக்கு வகுத்த பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. தொழில் செய்யும் திறனில் 20 சதவீதம் நிரந்தரமாக இழந்தார் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், வருமான இழப்புக்கு மட்டும் 6,45,120 ரூபாய் வரும். மருத்துவச் செலவு, வலி வேதனை, உடனிருந்து கவனித்தவருக்கான தொகை, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம் ஆகியவை தனி. இதில் மருத்துவக் குழு சொல்லும் ஊன சதவீதமும் தொழிலுக்கு ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்பதை 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழகாக விளக்கியது: இடது கை போனால் அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம், ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். அதனால் தங்கள் மனைவி எந்தக் காலால் இயந்திரத்தை மிதிக்கிறார், எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது என்பவை மனுவில் விவரமாக வர வேண்டும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்கிறேன். 166ஆம் பிரிவில் ஓட்டியவரின் கவனக்குறைவு நிறுவப்பட வேண்டும். மாடு குறுக்கே வந்தது, எவராலும் தவிர்த்திருக்க முடியாது என்று தாங்களே சொன்னால், அதையே நிறுவனம் தன் வாதமாக எடுத்துக்கொள்ளும். அன்று நடந்தது என்ன என்பதைத் தாங்கள் தங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வைகறைப் பயணி:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. பாலிசியைப் பார்த்துவிட்டேன். அண்ணன் ஒரே நிறுவனத்தில்தான் ஆண்டுதோறும் பேக்கேஜ் பாலிசியாகப் புதுப்பித்து வந்திருக்கிறார்; நீங்கள் சொன்ன வாசகம் இரண்டாம் பிரிவில் அப்படியே இருக்கிறது.

கடைசியாகக் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்தேன். மாடு ஒன்று சாலையில் நின்றது உண்மை. ஆனால் அது குறுக்கே பாயவில்லை. ஓரத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. சுங்கச்சாவடியைத் தாண்டியதிலிருந்தே எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று என் மனைவி சொன்னார். இன்னும் கொஞ்ச தூரம் போய்க் குடிக்கலாம் என்று நான்தான் வண்டியை நிறுத்தவில்லை. ஒரு கணம் கண் அயர்ந்து விழித்தபோது மாடு அருகில் தெரிந்தது, பதறி ஒடித்துவிட்டேன். இதை இதுவரை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் என் மீது வழக்கு வரும் என்பதைவிட, தூங்கிவிட்டேன் என்ற காரணத்தாலேயே மனைவிக்குப் பணம் மறுக்கப்படுமோ என்பதுதான் என் பயம்.

எம்.சி.ஓ.பி. வழக்குரைஞர்:

மறுக்கப்படாது. கண் அயர்ந்தது கவனக்குறைவு. அது பாலிசி நிபந்தனை மீறல் அன்று. ஓட்டுபவரின் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்கு ஈடு கொடுக்கவே மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது. தாங்கள் மறைத்து வைத்திருந்த உண்மைதான் தங்கள் மனைவியின் மனுவுக்கு அடித்தளம்.

காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி எழுத்தில் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281ஆம் பிரிவும் (அசட்டையாக வண்டி ஓட்டுதல்) 125ஆம் பிரிவும் (அசட்டையான செயலால் பிறருக்குக் காயம் விளைவித்தல்) தங்கள் மீது வரக்கூடும். இரண்டும் பிணையில் விடத்தக்க குற்றங்கள். ஆயினும் கொடுங்காயத்துக்கு மூன்றாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடம் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிந்தே முன்வர வேண்டும். அந்த வழக்குக்குத் தனியாக ஒரு வழக்குரைஞரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வழக்குரைஞர் இரு தரப்புக்கும் நிற்பது முறையாகாது. சி.எஸ்.ஆர். மட்டுமே போதும் என்று நிலையத்தில் மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம், அதன் பிறகு குற்றவியல் நடுவரை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அண்ணன் க்ளைம் படிவத்தில் மாடு குறுக்கே வந்ததாக எழுதியிருந்தால், அது தாங்கள் அவரிடம் சொன்னதைக் கேட்டு எழுதியது என்பதைத் தங்கள் வாக்குமூலத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தரகர் சொன்ன லாரிக் கதையின் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். அடையாளம் தெரியாத வாகனம் இடித்தால் கொடுங்காயத்துக்குச் சட்டம் கொடுப்பது 50,000 ரூபாய்தான். அந்தப் பொய்க்காகத் தங்கள் மனைவி தமக்கு உரிய உண்மையான வழக்கை இழந்து, குற்ற வழக்கிலும் சிக்குவார். வழக்குரைஞர் எவரும் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது வழக்குரைஞர் குழுமத்தின் விதி என்பதையும் நினைவில் வையுங்கள்.

புளியமரத்துச் சாலை:

சகோதரரே, நான் சத்துணவு அமைப்பாளராகப் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் கணவர் ஓட்டிய கார் புளியமரத்தில் மோதி, என் வலது தோள்பட்டை நொறுங்கியது. எங்களுக்கும் எதிர் வாகனம் இல்லை. என் கணவரே உரிமையாளர் என்பதால், கணவன் மீது மனைவி வழக்குப் போடுவதா என்று ஊரே பேசியது. நிறுவனம் மறுத்து, பின்னர் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொண்டது. அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது என்பதால், தொகையைப் பற்றி வழக்குரைஞரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டு அறிந்ததை மட்டும் சொல்கிறேன். மருந்துக்கடை ரசீதுகளை ஒரு ரெக்ஸின் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். பத்து மாதம் கழித்து எடுத்தபோது வழவழப்பான தாளில் அச்சிட்டவை எல்லாம் வெளுத்து, கடையின் பெயர்கூடத் தெரியவில்லை. அந்தத் தொகை முழுவதும் எனக்குப் போயிற்று. இன்றைக்கே எல்லாவற்றையும் நகலெடுத்து, தேதி வாரியாக அடுக்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை வாங்கி, அதில் உள்ள ஆங்கில வரியை ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். என்னுடையதில், ஆம்புலன்ஸில் உடன் வந்த யாரோ சொன்னதை வைத்து, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக மருத்துவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

மருத்துவக் குழுவுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். என்னிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். பெரிய மருத்துவர்கள் முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டிவிட்டேன். உங்கள் மனைவியை உட்காரச் சொல்வார்கள், குத்துக்காலிட்டு எழச் சொல்வார்கள். எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, வலிக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அது நடிப்பாகாது. தையல் வருமானத்துக்கு ரசீது இருக்காது என்பது எனக்குத் தெரியும். அளவு எழுதி வைத்த நோட்டும், வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவும் இருந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

வைகறைப் பயணி:

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், என்னுடன் காவல் நிலையத்துக்கு வந்தார். எஃப்.ஐ.ஆர். பதிவாகி, நகல் கைக்கு வந்துவிட்டது. சுங்கச்சாவடியில் கழிந்த தொகைக்கு வந்த ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி என் அண்ணனின் கைப்பேசியில் நேரத்தோடு இருக்கிறது, அதையும் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ஏ.ஆர். காப்பியில், கணவர் ஓட்டி வந்த கார் சென்டர் மீடியனில் மோதியதாகச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

அக்கா சொன்ன பிறகு என் மனைவி தன் அளவு நோட்டுகளைத் தேடி எடுத்தார். ஏழு நோட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், அளவு, துணியின் ஒரு சிறு துண்டு குத்திய ஊசி, வாங்கிய தொகை, தேதி. கடைசி நோட்டில் விபத்துக்கு முந்தைய நாள் வரை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருக்கும் மூன்று ரவிக்கைகளும் வெட்டிய நிலையில் இன்னும் வீட்டில் இருக்கின்றன. வழக்குரைஞர் நோட்டுகளை வாங்கிக்கொண்டு, அந்த வெட்டுத் துணிகளையும் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். வரும் வியாழக்கிழமை திருச்சித் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கலாகிறது, எம்.சி.ஓ.பி. எண் கிடைத்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.